சுவரில்லாத கதவு

என் அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, கிள்ளானில் நாங்கள் பிடித்திருந்த மண்டபத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்தது. அதற்கு முன்பு நடந்ததைச் சொன்னால்தான் அந்தத் தண்ணீர் எவ்வளவு பெரிய உபகாரம் செய்தது என்பது விளங்கும்.

அப்போது எனக்குப் பத்து வயது. நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். அப்பாவின் ஒரே தங்கையான என் அத்தை, மாமாவோடு தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு மூலை வீடு வாங்கிக் குடிபோயிருந்தார். மாமா அங்கே ஒரு தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டினார். அத்தை பள்ளிக் கேன்டீனில் சமைத்தார். வீட்டுக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் நிலம் இருந்தது. நிலம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வீடு கட்டியவர்கள் விட்டுப்போன உடைந்த செங்கலும் சிமெண்டுக் கட்டியும் களிமண்ணும்தான் அது. மழை பெய்தால் குளம், வெயிலடித்தால் ஓடு. லாலாங் புல்கூட அங்கே யோசித்துத்தான் முளைத்தது.

சிமெண்டு போட்டு மூடிவிட்டுக் காரை நிறுத்தச் சொன்னார் அப்பா. இருவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, வேறு வேலை பார்த்தார்கள். மாமா வேலையிலிருந்து வந்ததும் செங்கலைப் பொறுக்கிக் கொட்டி நிலத்தை மேடாக்கினார். சுற்றிலும் கால்வாய் வெட்டினார். அத்தை உடைந்த டைல்ஸ்களைப் பதித்து வளைந்து வளைந்து போகும் ஒரு பாதை போட்டார். அது பாம்பு என்று யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதே என்று வாசலோரம் தலையும் சிவப்பு நாக்கும் வைத்தார். அதற்கப்புறம் இருவரையும் பிடிக்க முடியவில்லை. தொழிற்சாலையில் கழித்துப்போட்ட மஞ்சள் தலைக்கவசங்கள் தலைகீழாகத் தொங்கின. அவற்றுக்குள் பெரணிச் செடி வளர்ந்தது. பெயிண்ட் டின்களைக் கோத்து ஒரு ரயில் செய்தார்கள்; வாசனைக்குப் போடும் பண்டான் இலையும் துளசியும் மிளகாயும் அதில் பயணம் போயின. ஒன்றின் கீழ் ஒன்றாக ஏழு கெட்டில்கள். மேல் கெட்டிலில் விட்ட தண்ணீர் மூக்கு மூக்காக இறங்கி, அல்லி பூத்த ஒரு பழைய குளியல் தொட்டியில் விழும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு நீலக் கதவு நின்றது. சுவர் கிடையாது, வெறும் கதவு. அதன்மேல் சங்குப்பூக் கொடி. அதைத் திறந்துதான் தோட்டத்துக்குள் போகவேண்டும் என்பது அத்தையின் சட்டம். சுற்றிக்கொண்டும் போகலாம். ஆனால் அப்படிப் போனவருக்கு அன்றைக்குத் தேநீர் கிடைக்காது.

தீபாவளிக்கு உறவெல்லாம் அங்கே கூடியபோது அப்பா முதன்முறையாக அந்தத் தோட்டத்தைப் பார்த்தார்.

"பிள்ளைங்க வெளையாடற எடம் மாதிரி கட்டி வச்சிருக்கீங்க. வெளையாடத்தான் பிள்ள இல்ல" என்று சொல்லிச் சிரித்தார்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. அத்தைக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருடம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை என்கிறாரே என்று நான்தான், "நான் விளையாடுறேனேப்பா" என்றேன். அம்மா என் கையைக் கிள்ளினார். மாமா எழுந்து, கெட்டிலுக்குத் தண்ணீர் திறந்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். தண்ணீர் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அதன்பிறகு அத்தை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அப்பாவும் கூப்பிடவில்லை. அக்காவின் நிச்சயதார்த்தச் செய்தியைக்கூட அம்மாதான் போனில் சொன்னார்.

விடாமல் பெய்த மழையில் மண்டபத்தில் தண்ணீர் புகுந்தது வெள்ளிக்கிழமை காலையில். அப்பா மாலைவரை பூச்சோங், கிள்ளான், ஷா ஆலம் என்று எல்லா இடத்துக்கும் போன் போட்டார். ஒன்றும் காலியில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் இருபது பேர் நின்றால் இருபத்தோராவது ஆள் லிப்டில் நிற்கவேண்டும். அக்கா அறைக்குள் அழுதுகொண்டிருந்தாள். கடைசியில் அம்மா போனை எடுத்து, அத்தையின் எண்ணை அழுத்தி, அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

"மண்டபத்துல தண்ணி பூந்துருச்சும்மா" என்றார் அப்பா.

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அத்தையின் குரல் எங்களுக்கும் கேட்டது.

"எத்தன பேருண்ணே வராங்க?"

"அறுவது, எழுவது பேர் வருவாங்க."

"சரி, இங்க வச்சுக்கலாம். மாப்பிள வீட்டுக்காரங்கள கதவு வழியா மட்டும் வரச் சொல்லுங்க."

சனிக்கிழமை நாங்கள் போனபோது மழை விட்டிருக்கவில்லை. தெருவெல்லாம் தண்ணீர். தோட்டம் சேறாகிக் கிடக்கும் என்று அப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். மாமா வெட்டிய கால்வாயில் தண்ணீர் சலசலவென்று ஓடியது. மேட்டில் ஒரு சொட்டுக்கூடத் தேங்கவில்லை. அப்பா குடையோடு அந்தக் கால்வாயைச் சுற்றி இரண்டுமுறை நடந்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மாமாவோடு கூடாரக் கம்பத்தைப் பிடிக்கப் போனார். அன்று முழுவதும் அத்தையும் மாமாவும் ஓடிய ஓட்டத்தை நான் மறக்கவில்லை. தலைக்கவசங்களுக்குள் விளக்கு எரிந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்கார ஆன்டி நாற்காலிகளை அனுப்பினார். ரயிலுக்கு மாமா புதுச்சாயம் பூசினார்.

ஞாயிறு காலை வானம் வெளுத்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா எதிலும் குறை காண்பவர் என்று கேள்விப்பட்டிருந்தோம். அவர் தட்டோடு வந்து நீலக் கதவின் முன்னால் நின்றார். கதவின் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அப்பாவின் நெற்றி வியர்த்தது.

"தெறந்துட்டு வாங்கக்கா" என்றார் அத்தை உள்ளிருந்து.

அவர் திறந்தார். உள்ளே ஒரு காலை வைத்தவர், ஏழு கெட்டிலும் ஒன்றுக்கொன்று தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்துத் தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். நல்ல நேரம் முடியப்போகிறது என்று இரண்டுமுறை கூப்பிட வேண்டியிருந்தது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் ரயிலைவிட்டு வர மறுத்தார்கள். கதவருகே தட்டு மாற்றும்போது அக்காவின் தலைமேல் சங்குப்பூ ஒன்று விழுந்தது. அதைப் போட்டோ எடுக்க எல்லாரும் முண்டினார்கள்.

சாப்பாடு முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கல்யாணத்தையும் இங்கயே வச்சிரலாம்லா. அந்தக் கொடியில கொஞ்சம் வெத மட்டும் எனக்குக் குடுங்க."

அப்பா அதற்குள் வந்தவர்களையெல்லாம் அழைத்துப்போய்க் கால்வாயைக் காட்டிக்கொண்டிருந்தார். முதலில் "என் தங்கச்சி வீடு" என்றார். பத்துப் பேருக்குக் காட்டியபிறகு "நாங்க போட்டது" என்று ஆகிவிட்டது. அத்தை அதைக் கேட்டும் திருத்தவில்லை. ஒரு சாண் வளர்ந்ததுபோல் நிமிர்ந்து நின்றார். மாமா அவர் தோளில் கைவைத்திருந்தார். எல்லாருக்கும் நடுவில் அவர்கள் அப்படி நின்று நான் பார்த்தது அன்றுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு ஜெஞ்சாரோம் பக்கம் போனார். ஒரு தோட்டக்காரரிடம் ஆட்டு எரு ஒரு மூட்டை வாங்கிப் பின்சீட்டில் என் பக்கத்தில் வைத்தார். அத்தை வீட்டு வாசலில் அதை இறக்கிவிட்டு, "செடிக்குப் போதுமாம்மா?" என்று கேட்டார். "இன்னொரு மூட்ட வேணும்ணே" என்றார் அத்தை. அதற்கடுத்த ஞாயிறும் அதே கேள்வி, அதே பதில். அந்தச் சின்னத் தோட்டம் அவ்வளவு எருவைத் தின்னுமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வீட்டுக்குப் பின்னால் பிரிக்காத மூட்டைகள் அடுக்கியிருந்ததை நான் பார்த்துவிட்டேன். ஏன் அப்பாவிடம் போதும் என்று சொல்லக்கூடாது என்று அத்தையிடம் கேட்டேன். அவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அடுத்த வாரம் இரண்டு மூட்டை கேட்டார்.

அப்பா அந்த மூட்டைகளில் எதைச் சுமந்துபோனார், அத்தை ஏன் வேண்டும் வேண்டும் என்று வாங்கிக்கொண்டே இருந்தார் என்பதெல்லாம் விளங்க எனக்குப் பல வருடங்கள் ஆயின. அன்றைக்கு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடி வந்த எனக்குத் தெரிந்தது அந்த நாற்றம் மட்டும்தான்.