குடை பிடிக்காத கவுன்சிலர்

கடையைப் பூட்டுவதற்கு முன் கவுன்சிலர் வெளியே வந்து, கழுத்தை நன்றாகச் சாய்த்து வானத்தைப் பார்ப்பார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து, ஓட்டை கீட்டை இருக்கிறதா என்று ஊதிப் பார்த்து, மடித்து மறுபடியும் உள்ளே வைத்துக்கொள்வார். மழை வந்தால் அதுதான் அவர் தலைக்கு. கடைக் கதவுக்குப் பின்னால் நல்ல கறுப்புக் குடை ஒன்று தொங்குகிறது. அதை அவர் தொடுவதில்லை. குடை, அவர் விட்டு வந்த கட்சியின் சின்னம்.

"பிடிச்சுக்கிட்டு நாலடி நடந்தா போதும், எவனாவது போட்டோ எடுத்துடுவான். 'பழைய வீட்டுக்கே திரும்பிட்டாரு'ன்னு சாயங்காலத்துக்குள்ள பரவிடும்" என்பார். போன மழைக்காலத்தில் நனைந்து, சளி பிடித்து, ஒரு வாரம் படுத்துக் கிடந்தார். அப்போதும் குடையைத் தொடவில்லை. அவரிடம் மாறாத கொள்கை இது ஒன்றுதான் என்று தெருவில் சொல்கிறார்கள். நான் சொன்னதாக வேண்டாம். என் பேண்ட் ஒன்று அவரிடம் தைக்கக் கிடக்கிறது.

ஆமாம், தொழில் தையல். அரசியலுக்கு வந்ததே ஊசி நூலோடுதான். குடைக் கட்சிக்கு ஊதாக் கொடி தைத்துக் கொடுக்கப் போனவர், கொடி கட்டினார், மேடை போட்டார், மைக் கிடைத்ததும் பேசவும் ஆரம்பித்துவிட்டார். வார்டு தேர்தலில் சீட் உனக்குத்தான் என்று சொல்லியே பல வருடம் வேலை வாங்கினார்கள். கடைசியில் தலைவரின் மருமகன் பெயரை வாசித்தார்கள். மேலே முடிவான பெயருக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர்கள் கை தூக்கி ஒப்புதல் தர வேண்டும், அதுதான் முறை. அன்று முதலில் எழுந்த கை இவருடைய சொந்த அண்ணனின் கை. அண்ணன் அந்தக் கட்சியின் வட்டச் செயலாளர். இவர் குடியிருக்கும் அதே வீட்டின் மாடியில் இருப்பவர்.

"எப்படிண்ணே தூக்க மனசு வந்துச்சுன்னு கேட்டேன். 'கட்சி சொல்லுச்சு, தூக்கினேன்'னு சொல்லிட்டு, சட்டைக்குப் பட்டன் தைக்கக் குடுத்துட்டுப் போறாரு. பட்டனு!" இதைச் சொல்லும்போதெல்லாம் கவுன்சிலரின் தையல் மிஷின் நின்றுவிடும்.

கோபத்தில் முதலில் மணிக் கட்சிக்குப் போனார். அது சீக்கிரமே இரண்டாக உடைந்தது. இரண்டு பாதியிலும் இவருக்கு நாற்காலி இல்லை. அடுத்தது சாவிக் கட்சி. சாவிக்காரர்கள் அடுத்த வார்டு தேர்தலில் கையோடு சீட் கொடுத்தார்கள். இவரும் மருமகனை மண்ணைக் கவ்வ வைத்து ஜெயித்தார். ஆனால் முதல் பிரச்சாரத்திலேயே ஒரு கூத்து நடந்தது. சாவிக் கட்சிக்காரர்கள் ஓட்டுக் கேட்கும்போது பூட்டுத் திறப்பதுபோல் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டுவார்கள். இவருடைய கையோ, பழக்க தோஷத்தில், விரித்த உள்ளங்கையாகத் தலைக்கு மேலே போய்க் குடை பிடித்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து மேடையில் மைக்கை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டுதான் பேசுகிறார்.

கடைச் சுவரில் புதுத் தலைவரின் படம் இருக்கிறது. ஃபிரேம் மட்டும் கொஞ்சம் உப்பலாக இருக்கும். பழைய தலைவர்கள் இருவரும் அதே ஃபிரேமுக்குள் பின்னால் இருக்கிறார்கள். எடுத்துப் போட இவருக்குச் சோம்பல். மிஞ்சிய ஊதாத் துணியையும் வீணாக்கவில்லை. தெருவில் பாதிப் பேரின் பேண்ட் பாக்கெட்டுக்கு உள்துணி அதுதான். சாவிக் கட்சிப் பொருளாளருக்கும் அதேதான். "வெளியில என்ன கலரு வேணும்னாலும் இருக்கட்டும் சார். பாக்கெட்டுக்குள்ள கைய விட்டுக் கலரா பாக்குறாங்க?"

அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. தண்ணீர் மோட்டார் போடுவது முதல் பிள்ளைகளின் காய்ச்சல் வரை எல்லாச் செய்தியும் அண்ணி வழியாகத்தான் படியேறி இறங்கும். அந்த அம்மாளுக்கு முட்டிவலி. "ரெண்டு பேரும் கட்சி நடத்துறாங்க, நான் படி ஏறிச் சாகறேன்" என்று என்னிடமே அலுத்துக்கொண்டார்.

சின்ன வயதிலும் இப்படித்தானா என்று ஒருநாள் கேட்டேன். கவுன்சிலர் சிரித்தார். "ஸ்கூலுக்குப் போக ஒரே குடை. தம்பின்னாலும் நான்தான் உயரம், அதனால நான்தான் பிடிப்பேன். 'இவன் பக்கமே சாய்ச்சுக்கிறான், என் தோளு நனையுது'ன்னு வீட்டுல வத்தி வெச்சு எனக்கு அடி வாங்கிக் குடுப்பாரு. அன்னைக்கே அவரு வட்டச் செயலாளருதான்."

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சென்ற மாதம் சாவியும் குடையும் கூட்டணி சேர்ந்துவிட்டன. பங்கீட்டில் இந்த வார்டு குடைக்குப் போனது. வேட்பாளர், மாடி வீட்டு அண்ணன். கவுன்சிலரின் நாற்காலி அவர் கண் முன்னாலேயே படியேறி மேலே போய்விட்டது.

சாவிக் கட்சியின் மாவட்டச் செயலாளர் கவுன்சிலருக்குப் போன் செய்தார். "கூட்டுக் கூட்டத்துல முதல் கை உங்க கையா இருக்கணும். நாலு பேரு பாக்கணும்ல." அன்றைக்கே மணிக் கட்சியின் ஒரு பாதியிலிருந்தும் ஆள் வந்தது. சீட் தயார், வந்தால் அண்ணனை எதிர்த்தே நிற்கலாம். கவுன்சிலர் என் பேண்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்து, "என்னங்க, இனிமே மஞ்சத் துணியையும் பாக்கெட்டுக்கு வெட்டணுமா?" என்றார். மஞ்சள், சாவிக் கட்சியின் கொடி. எனக்குச் சிரிப்பு வந்தது. கவுன்சிலரின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. பாவமாக இருந்தது.

கூட்டத்துக்கு நானும் போனேன். எனக்குக் கட்சி கிடையாது. பேண்ட் விஷயமாகப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்கக் கட்டடத்து ஹால் நிரம்பியிருந்தது. அண்ணன் மேடையில், தம்பி முதல் வரிசையில். அண்ணனின் பெயரை வாசித்து ஒப்புதல் கேட்டார்கள். ஒரு கைகூட எழவில்லை. எல்லோரும் கவுன்சிலரையே பார்த்தார்கள். அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மேஜை விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தார், தலையை நிமிர்த்தவே இல்லை. கவுன்சிலரும் அவசரப்படவில்லை. அண்ணன் வேறு வழியில்லாமல் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் கையைத் தூக்கினார். ஹால் முழுக்கக் கைகள் எழுந்தன.

கூட்டம் கலையும்போது மழை பிடித்துக்கொண்டது. வாசலில் கவுன்சிலர் வழக்கம்போல் வானத்தைப் பார்த்தார், பிளாஸ்டிக் பையை எடுத்தார். பக்கத்தில் அண்ணன் வந்து குடையை விரித்தார். விரித்தவர் இறங்கிப் போகாமல் நின்றார்.

"எப்படிடா தூக்கினே?" என்றார். அத்தனை வருடத்துக்குப் பிறகு அண்ணன் தம்பியிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

"கட்சி சொல்லுச்சு, தூக்கினேன்."

அண்ணன் குடையைத் தம்பி பக்கம் நீட்டினார். "வா, நனையாத" என்றார்.

போட்டோக்காரர்கள் இருந்தார்கள், கட்சிக்காரர்கள் இருந்தார்கள். கவுன்சிலர் பிளாஸ்டிக் பையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். உயரமானவர் அவர்தானே, அண்ணன் கையிலிருந்து குடையை வாங்கிக்கொண்டார். இருவரும் தெருவில் இறங்கினார்கள். பத்தடி போனதும் கவுன்சிலர் குடையைக் கொஞ்சம் தன் பக்கமாகச் சாய்த்துக்கொண்டார். அண்ணனின் வலது தோள் நனையத் தொடங்கியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், நனைந்துகொண்டே கூட நடந்தார்.