நின்றுபோன லிஃப்டும் தையல்காரர் குரலும்

‘மேலேயா கீழேயா’ என்ற வீடியோ கேமை என்னைவிட நன்றாக ஆடுகிறவர் இந்த உலகத்திலேயே கிடையாது. கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். இதுவரை அதை ஆடியவர்களே எங்கள் வீட்டு ஆட்களும் எதிர்வீட்டுப் பல் டாக்டரும், அப்புறம் சொல்லப்போகும் ஒருவரும்தான். டாக்டரும் பாதியில் எழுந்து போய்விட்டார். ஆனாலும் முதலிடம் முதலிடம்தானே?

அதைச் செய்தவர் என் மாப்பிள்ளை. பிழைப்புக்கு லிஃப்ட் பழுது பார்ப்பவர். சுவரில் காதை வைத்தால் போதும், அடுத்த தெருவில் எந்த லிஃப்டின் கம்பி தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். நம்பாவிட்டால் போங்கள். வீட்டு வாசலில்கூட எல்லாரும் உள்ளே வந்தாயிற்றா என்று பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவார். வேலை முடிந்து வந்து, எண்ணெய்க் கறை போகாத அந்த விரல்களால் சாப்பாட்டு மேசை மூலையில் கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டியே மூன்று வருடத்தில் இதை முடித்தார்.

மற்ற கேம்களில் நீங்கள் வீரனாகவோ திருடனாகவோ இருப்பீர்கள். இதில் நீங்கள்தான் லிஃப்ட். ஏறி இறங்க வேண்டியது, கதவைத் திறந்து மூட வேண்டியது, அவ்வளவுதான். ஆனால் உள்ளே ஏறுகிறவர்கள் பேசுவது உங்கள் காதில் விழும். இறங்கிவிட்டால் பேச்சும் போச்சு, மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் மாடித் தையல்காரருக்கும் ஐந்தாம் மாடிப் பாட்டு டீச்சருக்கும் மனத்தாங்கல். கதவைக் கொஞ்சம் தாமதமாக மூடினால் இருவரும் ஒன்றாக மாட்டுவார்கள். ஒரு சண்டையையோ கல்யாணத்தையோ வெறும் கதவாலேயே நடத்திவைக்கலாம். வாயைத் திறக்காமல் ஊர் வம்பு கேட்கும் சுகம் வேறு எதில் கிடைக்கும்?

குறையும் மலை மலையாக இருக்கிறது. கண்ணாடியைப் பார்த்தே வரைந்ததால் எல்லாருக்கும் மாப்பிள்ளையின் முகம்தான். டீச்சருக்கு மீசை கிடையாது, அது ஒன்றுதான் வித்தியாசம். தையல்காரர் குரல் என்னுடையது, டீச்சர் குரல் என் மகளுடையது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். லிஃப்ட் நடுவில் நின்றுபோனால்தான் தொல்லை. மெக்கானிக் வரும்வரை காத்திருக்க வேண்டும். நிஜமாகவே, கடிகாரப்படி, கால் மணி நேரம்!

“கொஞ்சம் குறைச்சு வைங்களேன், மாப்பிள்ளை.”

“எப்படி அத்தை? நான் என்ன பறந்தா போறேன்? சாமானைத் தூக்கிக்கிட்டு, டிராஃபிக்ல நின்னு, வாட்ச்மேனைத் தேடிப் பிடிச்சு... இதுவே குறைச்சல்.”

உலகத்து மெக்கானிக்குகளின் மானமே அந்தக் கால் மணியில் தொங்குவதுபோலப் பேசுவார்.

ஒருநாள் கேம் வெளியிடும் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் இதை ஆடிப் பார்க்க வந்தார். அவருக்குப் பிடித்தால் கேம் வெளியே வரும். இல்லாவிட்டால் மூன்று வருட உழைப்பும் மேசை மூலையிலேயே கிடக்கும். மாப்பிள்ளை அன்று சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டார்.

அந்தப் பெண் நன்றாகத்தான் ஆடினார். “ஐயையோ, ரெண்டு பேரையும் ஒண்ணா ஏத்திட்டேனே!” என்று சிரித்த அதே நேரம் லிஃப்ட் நின்றது. அதே நேரம் மாப்பிள்ளையின் போனும் அடித்தது. பக்கத்துத் தெருவில், நிஜ லிஃப்டில், ஓர் அம்மாள் மாட்டிக்கொண்டாராம். மாப்பிள்ளை பையை எடுத்தார்.

“என்னங்க, இன்னைக்குமா? வேற யாரையாவது அனுப்பச் சொல்லுங்க!” என்றாள் மகள்.

“உள்ள ஆள் இருக்காங்க” என்றவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடியே விட்டார்.

திரையில் இருட்டு. குரல்கள் மட்டும் கேட்டன.

“இன்னும் என்மேல கோவமா, டீச்சர்?”

“கோவமில்ல. சட்டைக் கையை இவ்வளவு நீளமா வெட்டினீங்களே.”

“நீளமா இருந்தா மடிச்சுக்கலாமில்ல?”

அத்தோடு சரக்கு தீர்ந்தது. மறுபடி முதலிலிருந்து, “இன்னும் என்மேல கோவமா?” மூன்றாம் தடவை அந்தப் பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் சும்மா இருப்பேனா? நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு தையல்காரராகவே ஆரம்பித்தேன்.

“கோவமா இருந்தாலும் பரவாயில்ல டீச்சர், இருட்டுல முகம் தெரியவா போகுது? ஒரு பாட்டு பாடுங்க.”

மகள் என்னை முறைத்தாள். பிறகு டீச்சராகவே பதில் சொன்னாள்: “பாடறேன். நீங்க தாளம் மட்டும் போட்டுடாதீங்க. அளவு தெரியாத கை!”

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அப்புறம் எங்களை நிறுத்த ஆளில்லை.

திரையில் மெக்கானிக் வந்து கதவைத் திறந்து வெகுநேரம் கழித்துத்தான் நிஜ மெக்கானிக் வந்து சேர்ந்தார், கையெல்லாம் கிரீஸோடு.

“மன்னிச்சுடுங்க. ரொம்பக் காக்க வெச்சுட்டேன். கேம்ல அந்தக் காத்திருப்பை... வேணும்னா எடுத்துடறேன்.”

அவர் வாயிலிருந்தா அப்படி ஒரு சொல்!

“எடுக்காதீங்க” என்றார் அந்தப் பெண். “காத்திருக்கறது குறையில்ல. காத்திருக்கறவங்களுக்குப் பேச்சு பத்தல, அதுதான் குறை. அதையும் அந்த முகங்களையும் சரி பண்ணுங்க, நாங்க வெளியிடறோம்.”

பிறகு என் பக்கம் திரும்பி, இந்த கேமுக்கு உயிரே தையல்காரர் குரல்தான், அதை மட்டும் மாற்றிவிடாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொண்டார்.

நான் எழுதுவதைத் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துக்கொண்டிருக்கும் என் மகள் சொல்கிறாள்: “புளுகாதம்மா! ‘அம்மா பேசினதை ஒண்ணு விடாம வெச்சுக்குங்க, குரலுக்கு மட்டும் வேற ஆளைப் போடுங்க’ன்னுதானே சொன்னாங்க?”