முன்னாடி, பின்னாடி

மழை பெய்த ஒரு காலையில், பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் மூன்று வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மோதிக்கொண்டன. முன்னால் ஒரு சிறிய கார், நடுவில் நாங்கள், எங்களுக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலை வேன். எங்கள் காரை ஓட்டியவர் என் கணவர். முன் காரை ஓட்டிய பெண்ணுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அவர் எங்கள் மேலும் வேன்காரர் மேலும் வழக்குப் போட்டார். நாங்களாகப் போய் அவரை இடித்தோமா, அல்லது நின்றுவிட்ட எங்களை வேன் தள்ளிவிட்டதா? வழக்கு முழுவதும் இந்த ஒரு கேள்விதான்.

நஷ்ட ஈட்டைக் காப்புறுதி நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று எங்கள் வக்கீல் ஆறுதல் சொன்னார். அவருக்கென்ன, அவரா இந்த மனிதரோடு குடித்தனம் நடத்துகிறார்? சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பார் என் கணவர். திடீரென்று, “நான் நிப்பாட்டிட்டேன்லா. நீ பக்கத்துலதானே இருந்த?” என்பார். ஒரு பெண்ணின் இடுப்பை முறித்தது பிரேக்கைத் தாமதமாக மிதித்த தன் கால்தானா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அதை மட்டும் வாய்விட்டுக் கேட்க மாட்டார். எனக்குக் கோபமும் வரும், அழுகையும் வரும். உண்மையில் நான் பார்த்தது மழை வழிந்த கண்ணாடியைத்தான். ஆனால் பின்னாலிருந்து விழுந்த இடி என் முதுகுக்கு நன்றாகத் தெரியும்.

ஜொகூர் பாருவில் விசாரணை நடந்தது. சாட்சிகள் உள்ளே இருக்கக்கூடாது என்று காலை முழுவதும் என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். வழக்குப் போட்ட பெண்ணும் என் கணவரும் வழக்கின் இரு தரப்பார் என்பதால் உள்ளே இருந்தார்கள். மதியத்துக்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். பசாரில் மீன் விலை பேச என் மலாய் தாராளமாகப் போதும். நீதிபதியைப் பார்த்ததும் அது ஓடி ஒளிந்துகொள்ளும். அதனால் தமிழில் பேசினேன். ஓர் இளம்பெண் அதை மலாயில் மொழிபெயர்த்தார்.

வழக்குப் போட்ட பெண்ணின் வக்கீல் கேட்டதற்கு, “பின்னாடி வந்த வேன்தாங்க முன்னாடி இடிச்சது,” என்றேன். எங்களுக்குப் பின்னால் வந்த வேன்தான் முதலில் இடித்தது என்று அர்த்தம். மொழிபெயர்ப்பாளரோ ‘பின்னாடி’யைப் ‘பிறகு’ ஆக்கி, ‘முன்னாடி’யை ‘முன்பக்கம்’ ஆக்கிவிட்டார். வேன் பிறகுதான் வந்ததாம். அதற்குள் நாங்கள் முன்பக்கத்துக் காரை இடித்தாகிவிட்டதாம். படபடப்பில் நானும் தலையை ஆட்டிவைத்தேன். வக்கீல் முகத்தில் ஒரு சிரிப்பு. என் கணவரின் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயமே உறைத்தது.

அப்போது வழக்குப் போட்ட அந்தப் பெண் கைத்தடியை ஊன்றி எழுந்தார். அவரும் தமிழ்தான். “அவர் சொன்னது அதுவல்ல. வேன் முதலில் இடித்தது என்றார்,” என்று மலாயில் சொன்னார். நடுவில் பேசக்கூடாதென்று நீதிபதி கண்டித்தார். அந்தப் பெண்ணின் சொந்த வக்கீலே அவரை முறைத்தார். ஆனாலும் என்னிடம் மறுபடி கேட்டார்கள், இந்தமுறை என் பதில் சரியாகவே மலாய்க்குப் போனது.

வெளியே வந்ததும் ஓடிப்போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன். “நீ நல்லா இருக்கணும் தங்கச்சி.”

அவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். “நீங்க சொன்னதைத்தான் நான் சரி பண்ணேன் அக்கா. நடந்தது வேற. வேன் தள்ளி நீங்க வந்திருந்தா என் காடி ஒரு தடவதான் குலுங்கியிருக்கும். எனக்கு ரெண்டு தடவ குலுங்குச்சு. மொதல்ல நீங்க இடிச்சீங்க, அப்புறம் வேன் உங்களத் தள்ளுச்சு. காலையிலயே ஜட்ஜுகிட்ட சொல்லிட்டேன். அண்ணன் கேட்டுக்கிட்டுதான் இருந்தாரு.”

அவர் பொய் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்ள எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது! சற்றுமுன் எனக்காக எழுந்து நின்று திட்டு வாங்கியவரை எப்படி அப்படி நினைப்பது?

கார் நிறுத்துமிடத்தில் என் கணவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காருக்கு வெளியே நின்றிருந்தார்.

“ரெண்டு தடவ குலுங்குச்சாமே?” என்றேன்.

“ம்.”

“நாம நின்னுட்டோம்தானே?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. “நின்னுட்டோம்னுதான் நெனச்சேன்,” என்றார்.