நல்ல நேரத்தில் போட்ட சுவிட்ச்

சித்ராதேவிக்கு வீட்டில் வந்து சேர்ந்ததெல்லாம் அண்ணன் கழித்துப்போட்டதுதான். சைக்கிள், கட்டில், மேசை, கைப்பேசி, கடைசியாகக் கம்ப்யூட்டர். லக்ஷ்மணன் இன்ஜினியரிங் சேர்ந்தபோது அப்பா ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்த கறுப்புப் பெட்டி அது. அமெரிக்காவுக்கு விமானம் ஏறுவதற்கு முதல் நாள், "நீயே வெச்சுக்கடி, இனிமே எனக்கு எதுக்கு?" என்று தங்கைக்குத் தானம் செய்தான். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். சித்ரா பார்த்தாள். பன்னிரண்டு வருஷத்துப் பல்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவர்கள் வீடு. கீழே அப்பா சுப்புராமனும் அம்மா ஜெகதாம்பாளும். மாடியில் ஒற்றை அறை, அது சித்ராவுடையது. பகலெல்லாம் வெயிலைக் குடித்த மொட்டைமாடித் தளம் மாலையில் அதை அறைக்குள் கக்கும். கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவள், ஏழு வருஷமாக மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். படித்த படிப்பு, சுடிதார் மெட்டீரியலின் பார்கோடைத் தேடிப் பிடிக்கத் தாராளமாகப் போதும்.

கடை விட்டு வந்து சாப்பிட்டதும் மாடிக்குப் போய்விடுவாள். ஒரு பக்கம் ஐந்து பேர், எதிர்ப்பக்கம் ஐந்து பேர் என்று இணையத்தில் கூடிச் சுட்டு விளையாடும் ஆட்டம். பகலில் "அக்கா, சீக்கிரம் பில் போடுங்க" என்று யார் யாரோ விரட்டும் சித்ரா அங்கே வேறு ஆள். அவள் ஒரு மூலையில் நிற்கிறாள் என்று தெரிந்தால் எதிரணி அந்தப் பக்கமே வராது.

பெங்களூரில் பெண்கள் மட்டும் ஆடும் அணி ஒன்று அதைக் கவனித்தது. அதன் கேப்டன் யமுனா ஒருநாள் தானாகவே பேசினாள். அணியில் ஒருத்தி விலகுகிறாள், ஓர் இடம் காலி. மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மாலை ஐந்து மணிக்கு, மானேஜர் பார்க்க ஒரே ஒரு மேட்ச் ஆடிக் காட்டவேண்டும். தேறினால் ஜூனிலிருந்து பெங்களூரில் தங்க இடம், சம்பளம். தேறாவிட்டால் பார்கோடு. சித்ராவுக்கு வயது இருபத்தெட்டு. கண்ணும் கையும் ஒன்றாக ஓடவேண்டிய அந்த ஆட்டத்தில் அது ஓய்வுபெறும் வயது. இன்னொரு யமுனா வந்து கதவைத் தட்டப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

இடைஞ்சல் கம்ப்யூட்டர்தான். மாசி மாதம் ஆட்டத்தைப் புதுப்பித்தார்கள். அதன் பிறகு பழைய ப்ராசஸரால் அதை இழுக்க முடியவில்லை. எதிரி சுவரோரம் திரும்பும் அந்தக் கணத்தில் திரை உறைந்து நிற்கும். மறுபடி அசையும்போது சித்ரா செத்துக் கிடப்பாள்.

அண்ணனிடம் கேட்டுப் பார்த்தாள்.

"புதுசா ஒண்ணு வேணும்ணா."

"ஏன், அதுக்கு என்ன குறைச்சல்? நான் அதுல ஆடாத கேமா?"

"அது பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடிண்ணா."

"கேம் ஆடறதுக்குன்னு எவளாவது சிஸ்டம் வாங்குவாளா? ஒரு மிக்ஸி கேளு, வாங்கித் தரேன்."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. இருப்பதையே உதைத்து ஓட்டுவது என்று தீர்மானித்தாள். ப்ராசஸருக்குக் கம்பெனிக்காரன் ஒரு வேகத்தை வைத்து அனுப்புவான். கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புக்குள் நுழைந்து அந்த வேகத்தைக் கூட்டலாம், கூடவே மின்னழுத்தத்தையும் ஏற்றிக் கொடுத்தால். ஓவர்கிளாக் என்று அதற்குப் பெயர். கூட்டக் கூட்ட ஓட்டம் கூடும், சூடும் கூடும். சூடு எல்லை தாண்டினால் பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள தானே அணைந்துவிடும்.

பக்கத்துத் தகட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு அவள் ப்ராசஸருக்குச் சூட்டைக் கடத்தும் புதுப் பேஸ்ட் தடவிக்கொண்டிருந்தபோது சுப்புராமன் மாடிக்கு வந்தார். பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர்.

"என்னம்மா, வயித்தைக் கிழிச்சுப் போட்டிருக்கே?"

"வேகத்தைக் கூட்டறேன்பா."

"கம்பெனிக்காரன் வெச்சதுக்கு மேலயா? பொன்மலையில எவனாவது இப்படிப் பண்ணியிருந்தா மெமோ குடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

"நீங்களும் இப்ப வீட்டுலதானேப்பா இருக்கீங்க?"

"வாய் மட்டும் எப்பவும் ஓவர் ஸ்பீடு" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப்போனார்.

ஒரே மூச்சில் ஏற்றினால் கருகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றவேண்டும், ஒவ்வொரு படியிலும் தாங்குகிறதா என்று பார்க்கவேண்டும். அதற்கென்றே சோதனை நிரல் ஒன்று உண்டு. மாவு மில்லில் அரிசியைக் கொட்டிக்கொண்டே இருப்பதுபோல அது ப்ராசஸரை இடைவிடாமல் அரைக்க வைக்கும். சுவிட்சைப் போட்டதும் அந்தச் சோதனை தானாகவே தொடங்கும்படி சித்ரா வைத்திருந்தாள். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு, திறந்த பெட்டிக்கு நேராக மேஜை விசிறியைத் திருப்பிவிட்டுக் குளிக்கப்போவாள். வந்து பார்க்கும்போது உயிரோடிருந்தால் அன்றைய படி தேறியது.

கத்திரி வெயில் தொடங்கியபோது அவளுக்கு வேண்டிய வேகம் வந்துவிட்டது. ஆட்டம் எங்கும் தடுக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை. பெட்டி நன்றாக ஆறிக் கிடக்கவேண்டும். ஆட்டத்தில் சோதனைச் சூட்டோடு கிராஃபிக்ஸ் கார்டின் சூடும் சேர்ந்துகொள்ளும். ஆறின பெட்டியைப் போட்டால் ஒரு மேட்ச் தாங்கும். இரண்டாவதில் படுத்துவிடும். சித்ராவுக்கு வேண்டியதும் ஒரு மேட்ச்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜவுளிக்கடைக்குக் கிளம்பும்போது மாடியறையின் ஜன்னல்களைத் திறந்துவைத்து, விசிறியைப் பெட்டிக்கு நேராகச் சுழலவிட்டு வந்தாள். முகூர்த்த மாதம், கடையில் கூட்டம் அம்மும். கெஞ்சிக் கூத்தாடி நாலு மணிக்குப் பர்மிஷன் வாங்கியிருந்தாள்.

"எத்தனை மணிக்கும்மா மேட்ச்?" என்றாள் ஜெகதாம்பாள்.

"அஞ்சு."

ஜெகதாம்பாள் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தாள். "ஐயையோ, நாலரையிலேர்ந்து ஆறு ராகு காலமாச்சே. வேற நேரம் கேளேன்."

"பெங்களூர்க்காரிகிட்ட ராகு காலம்னு சொல்லவா?"

"சொன்னா என்ன? அவளுக்கும் அதே சூரியன்தானே?"

"அம்மா, பஸ் போயிடும்."

"சரி, ராகு காலத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டா தோஷமில்ல. உங்கண்ணன் ஊருக்குக் கிளம்பினப்போ அப்படித்தானே பண்ணோம்?"

அப்படித்தான் பண்ணினார்கள். லக்ஷ்மணன் புறப்படும் நேரம் ராகு காலமாக அமைந்தது. அதனால் முதல் நாளே நல்ல நேரம் பார்த்து அவன் பெட்டியைக் கொண்டுபோய் எதிர்வீட்டு ராசாத்தி வீட்டில் வைத்துவிட்டாள் ஜெகதாம்பாள். பெட்டி வாசல்படி தாண்டியாயிற்று, பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. மறுநாள் அவன் எந்த நேரத்தில் கிளம்பினால் என்ன? போனவன் நன்றாகத்தானே இருக்கிறான்?

செருப்பின் வாரை மாட்டிக்கொண்டிருந்த சித்ராவின் காதில் இதில் பாதிகூட விழவில்லை. "சரி சரி" என்றாள். பிறகு எத்தனையோ தடவை அவள் திரும்பிப் போய் நின்ற இடம் அதுதான். அம்மா என்ன செய்யப்போகிறாள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கடையிலிருந்து வரும்போது காவிரிப் பாலத்தில் பஸ் நகரவில்லை. அம்மா மண்டபம் நிறுத்தத்தில் இறங்கி ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தபோது மணி நாலு முப்பத்தைந்து. மாடிப்படியிலேயே கற்பூர வாசனை வந்தது. கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது.

ஜன்னல்கள் சாத்தியிருந்தன. விசிறி நின்றிருந்தது. மேசைமேல் குத்துவிளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. பெட்டியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும், தலையில் ஒரு முழம் மல்லிகை. உள்ளே ப்ராசஸரின் குட்டி விசிறி சக்திக்கு மீறி அலறிக்கொண்டிருந்தது. திரையில் சோதனை ஓடிக்கொண்டிருந்தது.

ஜெகதாம்பாள் முகமெல்லாம் பூரிப்பாக நின்றாள்.

"எப்பம்மா இதைப் போட்டே?"

"மூணேகாலுக்கு. நல்ல நேரம். சுவிட்சைத் தட்டினதும் அதுவாவே என்னமோ கணக்கெல்லாம் ஓட ஆரம்பிச்சுதும்மா. நான் ஒண்ணும் தொடல. நல்ல சகுனம்தானே?"

"ஃபேனை யாரு நிறுத்தினது?"

"விளக்கு அணைஞ்சுபோயிடும்னு நான்தான்..."

சித்ரா ஜன்னல்களைத் தள்ளித் திறந்தாள். விளக்கை எடுத்து வராந்தாவில் வைத்தாள். விசிறியைப் போட்டாள். சோதனையை நிறுத்தினாள். சூடு தொண்ணூற்றேழு டிகிரி காட்டியது. பெட்டியின் தகடு கையைச் சுட்டது. அறையே அடுப்பாகியிருந்தது. ஆனாலும் நேரம் இருந்தது. அணைத்து, கால் மணி நேரம் ஆறவிட்டு, திரும்பப் போடும்போது வேகத்தை ஒரு படி குறைத்தால் போதும். அங்கங்கே திரை திக்கும், ஆனால் மேட்ச் முடியும்வரை உயிர் இருக்கும். அவள் கை பவர் பட்டனுக்குப் போனது.

ஜெகதாம்பாள் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். "நிறுத்தாதேம்மா! ராகு காலம் ஆரம்பிச்சாச்சு. இப்ப நிறுத்திட்டுத் திரும்பப் போட்டா புதுசா ஆரம்பிச்ச மாதிரி ஆயிடும். நான் பண்ணதெல்லாம் வீணாயிடும். உன் கால்ல வேணா விழறேன்."

ராகு காலத்தில் பரீட்சை எழுதிப் பாஸானவள் சித்ரா. ராகு காலத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தாள். அது நன்றாக அமைந்ததா என்பது வேறு விஷயம். நம்பிக்கை என்று கேட்டால் கடுகளவும் கிடையாது. ஆனால் ஏழு வருஷத்தில் ஒரே ஒரு கதவு திறக்கும்போது, நம்பாத சாமிகூடக் கொஞ்சம் பயமுறுத்துகிறது. ஒருவேளை, என்று ஒரு எண்ணம். அவள் பட்டனிலிருந்து கையை எடுத்தாள்.

மேட்ச் தொடங்கியது. முன்பாதியில் சித்ரா ஆடியது அவளுக்கே புதிதாக இருந்தது. ஒரு சுற்றில் தனியாக நின்று நாலு பேரை வீழ்த்தினாள். காதுக் கருவியில் யமுனா கத்தினாள்: "எங்கடி இருந்தே இத்தனை நாளா?" யாரோ கை தட்டுவதும் கேட்டது. கீழே தண்ணீர்கூடக் குடிக்காமல் ஜெகதாம்பாள் ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பின்பாதியில், இரண்டு பக்கமும் சமமாக நின்றபோது, திரை கறுத்தது.

மறுபடி போட்டாள். போட்டதும் பாழாய்ப்போன சோதனை தானாக ஓடத் தொடங்கியது. அதை நீக்க மறந்திருந்தாள். திட்டிக்கொண்டே நிறுத்திவிட்டு ஆட்டத்துக்குள் நுழைந்தபோது இரண்டு சுற்று போயிருந்தது. ஒரு சுற்று ஆடினாள். மீண்டும் கறுத்தது. இந்தத் தடவை பெட்டி எழுந்திருக்கவே மறுத்தது.

கைப்பேசியில் யமுனா கூப்பிட்டாள்.

"கரண்டா, நெட்டா?"

"சிஸ்டம்ங்க. சூடாயிடுச்சு."

"எந்த வருஷத்து ப்ராசஸர்?"

சித்ரா சொன்னாள். அந்தப் பக்கம் பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். யமுனா சிரிக்கவில்லை.

"அங்க வந்தா உங்க சிஸ்டம்லதானேங்க ஆடப்போறேன்?"

"ஆமா. ஆனா மானேஜருக்கு நான் என்னத்தைக் காட்டறது, பாதி மேட்சா? ஆட்டம் நல்லா இருந்துச்சு சித்ரா, பொய் சொல்லல. நாளைக்குச் சேலத்துப் பொண்ணு ஒருத்தி ஆடறா. பாத்துட்டு நான் சொல்றேன்."

"சரிங்க."

நான் சொல்றேன் என்று யார் சொன்னாலும் அதற்கு என்ன அர்த்தம் என்பது சித்ராவுக்குத் தெரியும். எத்தனை வாடிக்கையாளர்கள் பட்டுப்புடவையை மடித்து வைத்துவிட்டு அதைச் சொல்லியிருக்கிறார்கள்!

கீழே இறங்கி வந்தாள். முகத்தைப் பார்த்ததும் சுப்புராமன் புரிந்துகொண்டார். "ராகு காலம். வேற நேரம் கேளுன்னு உங்கம்மா தலைப்பாடா அடிச்சுக்கிட்டா. கேட்டியா?"

ஜெகதாம்பாள் அழுதுகொண்டே மகனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் லக்ஷ்மணன் குரல் தூக்கக் கலக்கத்தோடு வந்தது. "அதைப் போட்டு ஏன் கொடுமைப்படுத்தறா? தங்கமான சிஸ்டம்மா அது. நான் இருந்தவரைக்கும் ஒரு நாள்கூட தானா ஆஃப் ஆனதில்ல."

சித்ரா போனை வாங்கி அணைத்தாள்.

"ராகு காலமுமில்ல, ஒரு மண்ணுமில்ல. அதைச் சூடேத்தினதே நீதாம்மா. நீ சுவிட்சைப் போட்டதுலேர்ந்து அது வெந்துக்கிட்டு இருந்திருக்கு. உன் விளக்கு அணையக்கூடாதுன்னு ஃபேனை வேற நிறுத்தியிருக்கே. ஆற வைக்கலாம்னு போனேன், அதையும் விடல. என் வாழ்க்கையை நீதான் கெடுத்தே."

"பெத்தவளைப் பாத்துப் பேசற பேச்சா இது?" என்று சுப்புராமன் எழுந்தார்.

ஜெகதாம்பாள் அவரைக் கையமர்த்தினாள். அழுகை நின்றுவிட்டிருந்தது. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரி கேட்டாள்: "நான் கையைப் பிடிச்சா நீ விட்டுடறவளாம்மா? பொறந்ததுலேர்ந்து என் பேச்சை ஒரு நாள் கேட்டதில்ல. இன்னிக்கு மட்டும் ஏன் கேட்டே?"

சித்ராவிடம் பதில் இருந்தது. அதைச் சொன்னால் பாதிக் குற்றம் தன் பக்கம் வந்துவிடும். அவள் சொல்லவில்லை.

சேலத்துப் பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். சித்ரா பில் போடுகிறாள். ப்ராசஸரைக் கம்பெனிக்காரன் வைத்த வேகத்துக்கே இறக்கிவிட்டாள். அந்த வேகத்தில் ஆட்டம் ஓடாது, அதனால் ஆடுவதில்லை. "பெங்களூர்ல பெரிய வேலை, கையில வந்தது, ராகு காலத்துல தட்டிப்போச்சு" என்று சுப்புராமன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். கேட்கிறவர்கள் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. ஒவ்வொருவரிடமும் அதேபோல ஒரு கதை இருக்கிறது.

ஜெகதாம்பாள் மட்டும் அந்தக் கதையைச் சொல்வதில்லை. துணி காயப்போட மாடிக்கு வந்தால் அறை வாசலிலேயே நின்றுவிடுகிறாள். சாயங்காலம் இருட்டிய பிறகும் சித்ரா விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தால், உள்ளே கையை நீட்டி, சுவிட்சைத் தொடாமல், "போடலாமாம்மா?" என்று கேட்கிறாள்.

சித்ரா திரும்பிப் பார்ப்பதில்லை. "ம்" என்கிறாள்.