ஒளித்த தையல்

கடைத்தெருவில் அவரைத் துரை என்றுதான் கூப்பிடுவார்கள். பேரில்தான் துரை. மற்றபடி ஷூ பழுதுபார்க்கும் கடையில் இருபத்தாறு வருஷமாக அடித்தோல் மாற்றுகிறவர். இங்கிலாந்து ஷூவை யாராவது ஒரு வார்த்தை குறைத்துப் பேசிவிட்டால் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும், அதனால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. வக்கீல்களும் டாக்டர்களும் வெளிநாட்டில் வாங்கி வந்த ஷூக்கள் தேய்ந்தால் அந்தக் கடைக்குத்தான் வரும். எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் குப்புறத் திருப்பி அடியைப் பார்ப்பார். பளபளப்பில் மயங்குகிற ஆள் இல்லை.

இங்கிலாந்துக்காரன் தையலை ஒளிப்பான் என்பது அவர் அடிக்கடி சொல்லும் பாடம். அடித்தோலின் ஓரத்தில் மெல்லிய கீறல் போட்டு, அதற்குள் தைத்து, கீறிய தோலை மறுபடி ஒட்டித் தேய்த்துவிட்டால் நூல் போன தடமே தெரியாது. அமெரிக்கக்காரனுக்கு அவ்வளவு பொறுமை ஏது? தடித்த தோல், அகன்ற ஓரம், அடியில் தையல் பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். மேல்தோலையும் அடியையும் பிணைக்கும் வார் இங்கிலாந்து ஷூவில் பெரும்பாலும் குதிகாலுக்கு முன்பே நின்றுவிடும். அமெரிக்க ஷூவில் அது குதிகாலையும் ஒரு சுற்று சுற்றி வரும். முரட்டு வேலை என்பார் துரை.

இதற்கெல்லாம் எதிர்க்கட்சி அவருடைய தம்பி. ஹோட்டலில் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தவன். விருந்தாளி ஒருவர் விட்டுப்போன கறுப்பு அமெரிக்க ஷூவை யாரும் கேட்டு வராததால் மேனேஜர் அவனுக்கே கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அவன் வேறு செருப்பைத் தொடவில்லை. அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் கீழும் மேலுமாகக் குடியிருந்ததால் சண்டைக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியிருக்கவில்லை.

"என் ஷூ மழையில நடக்கும்ணே. உன் இங்கிலீஷ் ஷூ மேகத்தைப் பாத்தாலே வீட்டுக்குள்ள ஓடிரும்" என்பான். உண்மையில் பாதிக்குப் பாதி அவன் சொன்னது சரி. அமெரிக்க ஷூவில் விரலுக்கு இடம் தாராளம், எத்தனை தடவை பிரித்துத் தைத்தாலும் தாங்கும். துரைக்கும் அது தெரியும். உயிரே போனாலும் வாயால் சொல்லமாட்டார்.

மழை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை வேலைக்குக் கிளம்பிய தம்பி திரும்பி வரவில்லை. ஹோட்டலிலிருந்து வேலை முடிந்து சரியான நேரத்துக்குக் கிளம்பியிருக்கிறான், அதற்குப் பிறகு பார்த்தவர் இல்லை. துரையும் தம்பி மனைவியும் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. போலீஸிலும் எழுதிக் கொடுத்தார்கள். பன்னிரண்டாம் நாள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. கால்வாயில் ஓர் உடல் ஒதுங்கியிருக்கிறது, வந்து பார்க்க வேண்டும் என்றார்கள்.

தம்பி மனைவியை ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அவர் மட்டும் சவக்கிடங்குக்குள் போனார். தண்ணீரில் ஊறிய முகத்தில் முகம் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. சட்டை கிழிந்து போயிருந்தது. காலில் மட்டும் கறுப்பு ஷூ, கயிறு கட்டியது கட்டியபடி இருந்தது. இவன் தம்பியாக இருக்கக்கூடாது, யாராக இருந்தாலும் சரி, தம்பியாக மட்டும் இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே துரை குனிந்து அடியைப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. ஒரு நூல் தெரியவில்லை.

"இது இங்கிலாந்து ஷூ. என் தம்பி போட்டுட்டுப் போனது அமெரிக்கா ஷூ. இது அவன் இல்ல."

நல்லா பாத்துச் சொல்லுங்க என்றார் உள்ளே நின்ற இன்ஸ்பெக்டர். இருபத்தாறு வருஷமாக இதுதான் என் பிழைப்பு என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார் துரை. வெளியே வந்து சொன்னபோது அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பன்னிரண்டு நாளில் அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் அவள் நம்பிக்கையோடு இருந்தாள். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம், மாமாவே பார்த்துச் சொல்லிவிட்டார், அவர் கண் தப்பாது என்றாள்.

பத்தாம் நாள் காலையில் துரையின் மடியில் ஒரு வக்கீலின் அமெரிக்க ஷூ இருந்தது. பழைய அடியைப் பிய்த்தெடுத்து, புதுத்தோலை ஒட்டி, ஓரத்தில் கத்தியை ஓட்ட ஆரம்பித்திருந்தார். கடை முதலாளி அந்தப் பக்கம் போகிறபோது நின்று பார்த்தார்.

"அமெரிக்கா ஷூவுக்கும் தையலை ஒளிக்கிறியே, துரை. உன் கைக்கு வேற மாதிரி வராதா?"

வராது. அதுதான் விஷயம். யார் ஷூவானாலும் அவர் கை கீறலைப் போட்டுத்தான் தைக்கும். போன வருஷம் தம்பியின் ஷூவுக்கு அடி மாற்றியபோதும் அப்படித்தான் தைத்தார். அடியை ஒரு நாளும் திருப்பிப் பார்க்காத தம்பிக்கு அது தெரியவே தெரியாது என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே தைத்தார். சவக்கிடங்கில் எந்தத் தேசத்து வேலை என்று பார்த்தவருக்கு, அது தன் வேலை என்று உறைக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தார்.

ஸ்டேஷனுக்குப் போனால், உரிமை கோர ஆளில்லாத பிணம் என்று ஒரு வாரத்திலேயே அடக்கம் செய்துவிட்டதாகச் சொன்னார்கள். பொது இடுகாட்டில் ஒரு நம்பர் குச்சி நட்டிருக்கிறார்களாம். ஷூ மட்டும் ஒரு பையில் இருந்தது. இந்தத் தடவை அவர் அடியைப் பார்க்கவில்லை. பின்பக்கம் திருப்பினார். வார் குதிகாலைச் சுற்றி ஒரு முழுச் சுற்று வந்திருந்தது.

மாடிப்படி ஏறுவதற்குள் மூன்று தடவை உட்கார்ந்தார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னார், தையலையும் வாரையும்கூட விடாமல் சொன்னார். அவள் அழவில்லை. மடியிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"அவருக்கு இடது கால்ல சுண்டு விரல் கிடையாதே, மாமா. சின்ன வயசுல நசுங்கிப்போனப்ப நீங்கதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினீங்களாம். ஷூவைக் கழட்டிப் பாக்கலையா?"

"இல்லம்மா" என்றார். "ஷூவைத்தான் பாத்தேன்."