குரலைப் பத்திரப்படுத்திய ஞாயிற்றுக்கிழமை

1966-ஆம் ஆண்டு மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி இருபது நிமிடம். நேரம் இவ்வளவு சரியாக நினைவிருக்கக் காரணம் உண்டு. விழுப்புரத்திலிருந்து வந்திருந்த என் நாத்தனார் அப்போதுதான் மணி கேட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். செஞ்சிக் கோட்டைக்குள் கல்யாண மகாலுக்குப் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளில் என் மகளைக் காணவில்லை.

அவளுக்கு அப்போது பதினொரு வயது. அவளைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் நடந்தது புரியும். ஐந்து வயதிலிருந்து எட்டு வயது வரை சினிமாவில் நடித்தவள் அவள். கதாநாயகியின் சிறுவயது வேடம், இல்லாவிட்டால் அநாதைக் குழந்தை. பிறகு முன்பல் விழுந்தது. ஒரே வருடத்தில் திடுதிப்பென்று வளர்ந்துவிட்டாள். அத்தோடு கூப்பிடுவது நின்றுபோயிற்று. செஞ்சி கடைவீதியில் எங்களுக்கு மளிகைக் கடை. அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு, சினிமா அவ்வளவுதான் என்று இருந்தோம்.

ஒரு வருடம் கழித்து, ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு பார்க்கும் ஒருவரிடமிருந்து தந்தி வந்தது. நாலு வயதுப் பையன் ஒருவன் நன்றாக நடித்திருக்கிறானாம், ஆனால் பேசுவது புரியவில்லையாம். அவனுக்கு இவள் குரல் கொடுக்க வேண்டும். இருட்டு அறையில் அந்தத் துண்டுப் படம் திரும்பத் திரும்ப ஓடியது. பையனின் உதட்டைப் பார்த்தபடியே பேசினாள். மூன்றாம் தடவையில் சரியாகப் பொருந்திவிட்டது. அவன் அழும் இடத்தில் இவள் அழுதபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். அதன் பிறகு குழந்தைகளுக்குக் குரல் கொடுப்பதே அவள் வேலை என்றாகிவிட்டது. முகம்தான் போயிற்று, குரலாவது நிற்கட்டும் என்று நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு தடவை மேல்மலையனூர் அமாவாசைத் திருவிழாவுக்குப் போனவள், ராட்டினத்தில் கத்தித் தீர்த்துத் தொண்டையைக் கட்டிக்கொண்டு வந்தாள். மறுநாள் பதிவில் வெறும் காற்றுதான் வந்தது. வேறொரு பெண்ணை வரவழைத்தார்கள். திரும்பும் பஸ்ஸில், செஞ்சி வந்து இறங்கும் வரை நான் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அடிக்கவில்லை, திட்டவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு விதி வைத்தேன். பதிவுக்கு முந்தின நாள் முழுவதும் அவள் வாய் திறக்கக்கூடாது. கிசுகிசுப்பாகக்கூடப் பேசக்கூடாது. தண்ணீர் வேண்டுமானால் கட்டைவிரலைக் காட்டுவாள். பசித்தால் வயிற்றைத் தொடுவாள். ஒரு தடவைகூட மீறியதில்லை. எவ்வளவு நல்ல பிள்ளை என்று எனக்குப் பெருமைதான்.

அந்த ஞாயிறும் அப்படிப்பட்ட நாள். திங்கட்கிழமை பதிவு. சாயங்கால பஸ்ஸில் சென்னைக்குப் புறப்பட வேண்டும். நாத்தனார் பிள்ளைகளுக்குக் கோட்டையைக் காட்ட வேண்டும் என்று வந்துவிட்டார். கோட்டை எங்களுக்குக் கண்ணெதிரே இருப்பது, விருந்தாளி வந்தால்தான் உள்ளே போவோம். "விளையாடு, ஆனா சத்தம் வரக்கூடாது" என்று சொல்லி அவளை விட்டேன். பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடினார்கள்.

"எவ்ளோ கூப்ட்டாலும் அவ சிரிக்க மாட்டேங்கறா அத்தே, அதான் கண்டுபுடிக்க முடியல" என்று நாத்தனார் பையன் சொன்னான். ஒளிந்துகொண்டிருக்கிறாள் என்றே முதலில் நினைத்தோம். அரை மணி நேரம் போனது. தூண் தூணாகத் தேடினோம். குதிரை லாயத்து வளைவுகள், நெற்களஞ்சியம், பின்னால் முள்ளுக்காடு என்று எங்கும் இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டை கரகரத்தது.

பதினொன்றரைக்குக் கடையைப் பூட்டிக்கொண்டு என் கணவர் ஓடிவந்தார். கூடவே கடைவீதி ஆட்கள் பத்துப் பேர்.

"நீ இன்னா பாத்துக்கினு இருந்தே?" என்றார்.

"மணி பாத்தேன்" என்றேன்.

கோட்டைக் குளத்தில் பாசி கலைந்திருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். இரண்டு பேர் குதித்தார்கள். அவர்கள் ஒவ்வொரு முறை தண்ணீரிலிருந்து எழும்போதும் நான் அவர்களின் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்தேன்.

நடுவில் ஒரு சமயம், மலைப் பக்கமிருந்து டொக், டொக் என்று ஒரு சத்தம் கேட்டது. "இன்னா சத்தம் அது?" என்று கணவர் நின்றார். "அந்தாண்ட கல்லு ஒடைக்கிறாங்க சாமி, எப்பவும் கேக்கறதுதான்" என்றார் கோட்டைக் காவல்காரர். ஞாயிற்றுக்கிழமையில் யார் கல் உடைப்பார்கள் என்று யோசிக்க எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிட்டது.

மணி மூன்றைத் தாண்டியது. குளத்தில் ஒன்றும் இல்லை என்று ஏறிவிட்டார்கள். நாத்தனார் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவர், பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "ஏம்மா, ஊருக்கெல்லாம் கொரலு குடுக்கற பொண்ணு, பெத்தவங்க இந்தக் கத்து கத்தறோம், ஒரு தபா 'அம்மா'ன்னு கூப்டக்கூடாதா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் கூப்பிடுவது அவளுக்குக் கேட்டிருக்கும். பதில் சொல்லக்கூடாது என்று சொன்னவள் நான்.

யாரிடமும் எதுவும் சொல்லாமல், அந்த டொக், டொக் சத்தம் வந்த மலைப் பக்கம் ஓடினேன். "கத்துடி! பேசலாம்டி! நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், கத்துடி!" என்று அலறினேன். அலறினேன் என்று எழுதுகிறேனே தவிர, அதற்குள் என் தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை. புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்து இரண்டு பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். என் கணவர் என்னைப் பார்த்தார். அவருக்கும் விதி தெரியும்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால், மலையடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். முன்னால் நாலைந்து ஆடுகள். முதுகில் என் மகள். வலது கணுக்கால் வீங்கியிருந்தது, ஏதோ தழையை வைத்துக் கந்தல் துணியால் கட்டியிருந்தது.

"யார் வூட்டுப் புள்ளைம்மா இது? பாறைச் சந்துல காலு மாட்டிக்கினு கெடந்துச்சு. கல்லால தட்டிக்கினே இருந்துச்சா, ஆடு ஏதோ வுழுந்துடுச்சுன்னு போயி பாத்தேன். எந்த ஊரு, நைனா பேரு இன்னான்னு கேக்கறேன், பேச்சே இல்ல. தொண்டைய தொட்டுத் தொட்டுக் காட்டுது. ஊமை போலக்குதுன்னு, அது கை காட்ன பக்கமா தூக்கிக்கினு வந்தேன்."

என் கணவர் அவளை இறக்கி வாங்கினார். கன்னமெல்லாம் கண்ணீர் காய்ந்த கோடு. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். "பேசுடி கண்ணு, பேசு" என்று அவள் முகவாயைப் பிடித்துக் கெஞ்சினேன். என் குரல் காற்றாகத்தான் வந்தது. அவள் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் நாங்கள் சென்னைக்குப் போகவில்லை. அந்த விதியை அன்றோடு எடுத்துவிட்டேன். இரண்டு வருடம் ஆகிறது. அவள் இப்போதும் குரல் கொடுக்கிறாள், தொண்டை கட்டினால் கட்டட்டும் என்று தெருவில் கத்தி விளையாடவும் செய்கிறாள். ஆனால் பதிவுக்கு வரச்சொல்லித் தந்தி வரும்போதெல்லாம், அன்று அந்த ஆட்டுக்காரப் பெண் என் கையைத் தட்டிவிட்டு, கோபமாகச் சொன்னதுதான் காதில் விழுகிறது.

"ஏம்மா, அந்தப் புள்ளைய போட்டு பேசு பேசுங்கற? வாயி இருந்தா அங்கயே கத்தியிருக்காதா?"