தண்ணீருக்குப் போடாத கணக்கு

நான் துபாய்க்குப் போவதற்கு முன்னால் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கணக்குப் போட்டோம். அப்பா, அம்மா, நான், அப்புறம் கூத்தாநல்லூர் பாய். பாய் துபாயில் ஒரு பணக்கார வீட்டில் சமையல்காரராக இருந்துவிட்டுத் திரும்பியவர், அப்பாவுக்குப் பழக்கம். அங்கே ஒருத்தன் சாப்பிட்டு, படுத்து, உயிரோடு இருக்க மாதம் என்ன ஆகும், போக மிச்சம் எவ்வளவு ஊருக்கு வரும் என்பதுதான் கணக்கு.

மிச்சம் வந்தே ஆகவேண்டும். நாங்கள் உழுதது ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், குத்தகை நிலம். கூலிக்கும் நிலத்துக்கும் எங்கள் பக்கத்தில் வெட்டுக்குத்து நடந்து, ஆட்கள் செத்து, ஒருவழியாக அடங்கியிருந்த காலம் அது. குத்தகைக்காரன் பெயரைத் தாசில்தார் ஆபீசில் பதியலாம் என்று புது ஆட்சி சட்டம் கொண்டுவந்தபோது அப்பா முதல் ஆளாகப் போய்ப் பதிந்தார். மிராசுதாருக்கு அது பொறுக்கவில்லை. வெள்ளாமை பொய்த்துக் குத்தகை பாக்கி விழுந்ததும் வழக்குப் போட்டுவிட்டார். பாக்கியைத் தவணை தவணையாகக் கட்டு, ஒரு தவணை தவறினாலும் நிலத்தை விட்டு இறங்கு என்று தீர்ப்பானது. வயல் வருமானத்தை மட்டும் வைத்துக்கொண்டு வயலை மீட்க முடியாது. அதனால் நான் கிளம்பினேன்.

அப்பாவுக்கு ரூபாயில் சொன்னால் மண்டையில் ஏறாது. பாய் திர்ஹாமில் சொல்வார், நான் ரூபாயாக்குவேன், அப்பா அதை நெல்லாக்குவார். அறை வாடகை இத்தனை மூட்டை, பருப்பு இத்தனை மரக்கால் என்று போய்க்கொண்டிருந்தது. முடி வெட்டும் கூலி வந்தபோது அப்பா துள்ளிக் குதித்துவிட்டார்.

"நம்ம வீட்டுல அத்தனை தலைக்கும் வருஷம் பூரா வெட்டறதுக்கு ஒரு கலம் குடுக்கறோம். இவன் ஒருத்தனுக்கு மாசம் ரெண்டு மரக்காலா? வருஷத்துக்கு ரெண்டு கலம் ஆச்சே! தலையில என்ன தங்கமா முளைக்குது?"

"மொட்டை போட்டு அனுப்புங்கண்ணே, ஆறு மாசம் தாங்கும்," என்றார் பாய்.

"நல்லா இருக்குதே, போற புள்ளைக்கு மொட்டையா! வாயக் கழுவுங்க பாய்," என்று அம்மா சத்தம் போட்டாள்.

அப்பா கணக்கிலிருந்து மீனை அடித்தார், அம்மா வாரம் ஒருநாள் மீனைத் திரும்பச் சேர்த்தாள். சோப்பு, தபால், தலைவலி மாத்திரை, அரிவாள்மனை வரைக்கும் பேசினோம். ஆனால் தண்ணீரைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பாய் இருந்த வீட்டில் தண்ணீர் முதலாளி பொறுப்பு, அவருக்கு நினைவில்லை. எங்களுக்கோ கொல்லையில் இறங்கினால் வாய்க்கால். தண்ணீருக்குக் காசு என்று யாராவது சொல்லியிருந்தால் அப்பா சிரித்திருப்பார்.

துபாயில் கம்பி கட்டும் வேலை. எட்டுப் பேர் ஒரு அறை. குழாயில் வந்தது உப்புத் தண்ணீர், குளிக்கத்தான் ஆகும். குடிக்கிற தண்ணீரைக் கேனில் வாங்கிப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பேராவூரணிக்காரர் ஒருவர்தான் பங்கு வசூலிப்பவர். நான் போய்ப் பெட்டியை இறக்கியதுமே, "தம்பி, தண்ணிப் பங்கு குடு," என்றார்.

"தண்ணிக்கா?"

"ஆமா, தண்ணிக்குத்தான். இங்க என்ன உங்கூரு காவேரியா ஓடுது?"

மனசுக்குள் நெல்லாக்கிப் பார்த்தேன். வருஷத்துக்குக் கூட்டினால் தவணையில் துண்டு விழும். தவணையில் துண்டு விழுந்தால் நிலம் போச்சு. "எனக்கு வேண்டாண்ணே, நான் குழாய்லயே குடிச்சுக்கறேன்," என்றேன். திமிர் என்று அவர் நினைத்தார். திமிரும் கொஞ்சம் இருந்தது, மறைப்பானேன்.

குடித்தேன். கரித்தது. கொதிக்கவைத்தால் இன்னும் கரித்தது. சில வாரங்களில் ஒரு சத்தம் என்னைப் பிடித்துக்கொண்டது. மடை திறந்ததும் வாய்க்காலிலிருந்து வயலுக்குள் தண்ணீர் விழுமே, அந்தச் சத்தம். படுத்தால் கேட்கும், எழுந்து உட்கார்ந்தால் நின்றுவிடும். பிறகு வேலை செய்யும்போதே, நடுமத்தியான வெயிலில், என் காலுக்கடியில் கேட்கத் தொடங்கியது. குனிந்து மணலைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று நினைத்தேன். யாரிடம் போய் இதைச் சொல்வது?

ஒருநாள் இடுப்பில் கத்தி சொருகியது மாதிரி வலி வந்து கம்பிக் கட்டின் மேலேயே விழுந்துவிட்டேன். சிறுநீரகத்தில் கல் என்றார்கள். பேராவூரணிக்காரர் ஆஸ்பத்திரியில் வைத்தே என்னைக் காய்ச்சி எடுத்தார்.

"ஏன்டா, செத்துப்போனா பொட்டியில போட்டு அனுப்புவாங்களே, அந்தப் பொட்டிக்கு எத்தனை மூட்டைன்னு உங்கப்பன் கணக்குல போட்டானா?"

அதற்கப்புறம் தண்ணீர்ப் பங்கு கொடுத்தேன், ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திக்கொண்டேன். ஊருக்குப் போகும் பணத்தில் ஒரு பைசா குறையவில்லை. மார்கழித் தவணைக்கு உரிய பணம் முழுசாக, முன்கூட்டியே அப்பா கைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தச் சத்தம் மட்டும் விடவில்லை.

லீவில் ஊருக்கு வந்தபோது, பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் பெட்டியோடு வயலுக்கு நடந்தேன். எங்கள் வரப்பில் முன்பின் தெரியாத ஒருவர் களை எடுக்க ஆள் விட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க யாருங்க?" என்றேன்.

அவர் என் பெட்டியைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "இப்ப நான்தாங்க குத்தகை பாக்கறேன். உங்க வீட்டுல சொல்லலீங்களா?"

எப்படி வீட்டுக்கு ஓடினேன் என்று தெரியவில்லை. அப்பா கொல்லையில் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார். தவணைப் பணம் எங்கே என்று கத்தினேன்.

அவர் நிமிராமலே சொன்னார். அந்த வருஷம் மழையும் ஏமாற்றி, ஆற்றுத் தண்ணீரும் எங்கள் கடைமடைக்கு வரவில்லை. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் வயல் வெடித்துவிட்டது. பக்கத்து நிலத்துக்காரர் போர் போட்டு இஞ்சின் வைத்திருந்தார், மணிக்கு இவ்வளவு என்று தண்ணீர் விற்றார். என் பணம் முழுக்க அந்த இஞ்சினுக்குப் போனது.

"பத்து நாளு தள்ளி நெல்ல வித்துக் கட்டிடலாம்னு இருந்தேன். மிராசுதாரு வாங்க மாட்டேன்னுட்டான். நல்லா முத்தின கதிருடா, ஆள் ஒசரம். அறுக்கற அன்னிக்கு கோர்ட்டு அமீனாவோட வந்துட்டான்."

"பயிரு செத்தாச் சாவட்டும்னு தவணையக் கட்டியிருக்கணும்ப்பா! நான் அங்க தண்ணி குடிக்காம அனுப்பின காசுப்பா அது!"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "தண்ணி குடிக்காமயா?" என்றார். காம்பைக் கீழே வைத்தார். "பால் புடிச்ச பயிரு கண்ணு முன்னாடி காயுது. கையில காசு இருக்குது. நீயா இருந்தா கட்டியிருப்பியா?" என்று கேட்டார்.

"கட்டியிருப்பேன்," என்றேன். பச்சைப் பொய். நானும் இஞ்சினுக்குத்தான் ஓடியிருப்பேன். அவருக்கும் அது தெரியும்.

நான் திரும்பத் துபாய்க்குப் போகவில்லை. அப்பா தினமும் விடியலில் மண்வெட்டியோடு அந்த வயலுக்குப் போய் மடை திறந்துவிட்டு வந்தார். புதுக் குத்தகைக்காரர் நல்ல மனுஷர். "பெரியவரு பாச்சினா அளவாப் பாச்சுவாரு, இருக்கட்டுங்க," என்பார். எனக்குத்தான் மானம் போகும். கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறேன். மறுநாளும் போவார். அப்படியே ஒரு ஐப்பசியில் காய்ச்சலில் படுத்துச் செத்துப்போனார்.

காரியம் முடிந்து கொஞ்ச நாளில் புதுக் குத்தகைக்காரர் வீட்டுக்கு வந்தார். கோபமில்லை, தயங்கித் தயங்கித்தான் பேசினார்.

"தம்பி, விடியறப்ப மடை தெறந்து கெடக்குதுங்க. தண்ணியும் பாஞ்சிருக்குது, பெரியவரு பாச்சறாப்லயே அளவா. நீங்கதானுங்களே?"

நானில்லை. அந்த வயல் கண்ணில் படக்கூடாதென்று நான் ஊரைச் சுற்றி வேறு வழியாக நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் பயந்துபோய் மந்திரிக்க ஆள் கூட்டி வருவார், மடையில் ஆணி அடிப்பார். அப்பாவை அந்த வயலிலிருந்து இன்னொரு தடவை இறக்கிவிட என்னால் முடியாது.

"ஆமாங்க, நான்தான்," என்றேன்.